யார் புகார் செய்யலாம்?

சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைத் தோட்டம். முன்பு அது இரப்பர்த் தோட்டம். அங்கு வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் ஈப்போவில் வாங்கிய கைப்பேசி மூன்றாம் நாளே பழுதானதாகக் கொள்வோம். “நான் வெளிநாட்டுக்காரன். என் புகாரை யார் கேட்பார்?” என்று அவர் தயங்கலாம்.

தயக்கம் வேண்டியதில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் (1999), சொந்தப் பயனுக்குப் பொருள் வாங்குபவரைப் பயனீட்டாளர் என்கிறது. அவருடைய குடியுரிமையைக் கேட்பதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, பற்றுச்சீட்டு முக்கியம்.

அன்று பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோருக்குத் தோட்டக் கடைக்காரர் எழுதியதே கணக்கு. இன்று சட்டம் உண்டு. அதை அறியாதவருக்கு நாம் எடுத்துச் சொல்வோம்.