ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மூலச் சான்று தேடும் முறை

கல்லூரி மாணவர்க்கு விதிக்கப்படும் கட்டுரைகளுள் சில, பாடப்புத்தகத்தை மட்டும் கொண்டு எழுதி முடிக்கத் தக்கவை அல்ல. அத்தகைய பணியில் மாணவர் இடர்ப்படுவது பெரும்பாலும் செய்தி கிடைக்காமையால் அன்று. கிடைத்த செய்திகளுள் எதனை நம்புவது என்று தெரியாமையாலேயே ஆகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

‘இராமன் விளைவு கண்டறியப்பட்ட வரலாறு’ என்பது ஒரு மாணவருக்கு அளிக்கப்பட்ட பொருள் எனக் கொள்க. பொது நூல்கள் பலவும், 1928 பிப்ரவரி 28ஆம் நாள் சி. வி. இராமன் அதனைக் கண்டறிந்தார் என்று கூறி நின்றுவிடும். அந்நாளே 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகவும் கொண்டாடப்படுகிறது. பத்து நூல்கள் ஒரே செய்தியைக் கூறினும், அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையாயின், சான்று ஒன்றே அன்றிப் பத்து ஆகாது.

ஆதலின் மாணவர் மூலக் கட்டுரையை நாடுதல் வேண்டும். அது ‘நேச்சர்’ சஞ்சிகையின் 121ஆம் தொகுதியில், 1928 மார்ச் 31ஆம் நாள் இதழில், 501ஆம் பக்கத்தில் உள்ளது. அதனைக் காணும் மாணவருக்கு இரண்டு புதிய செய்திகள் புலனாகும். முதலாவது, அதில் இராமனோடு கே. எஸ். கிருஷ்ணனும் கையொப்பமிட்டுள்ளார். இரண்டாவது, அது எழுதப்பட்ட நாள் பிப்ரவரி 16 ஆகும். கண்டறிந்ததாகக் கூறப்படும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னரே அக்கண்டுபிடிப்பு எழுதப்பட்டது எங்ஙனம்?

இங்கு, இரண்டில் ஒன்று பிழை என்று விரைந்து முடிவு செய்தல் கூடாது. ஒவ்வொரு சான்றும் எதனைக் குறித்துப் பேசுகிறது என்று ஆராய்தல் வேண்டும். பிப்ரவரிக் கடிதத்தில் முதன்மையாக விவரிக்கப்படுவது, சூரிய ஒளியையும் நிற வடிகட்டிகளையும் கொண்டு, ஏறத்தாழ அறுபது திரவங்களில் நிறம் மாறிய சிதறல் ஒளியைக் கண்ட முறையாகும். மார்ச் 16ஆம் நாள் இராமன் பெங்களூரில் ஆற்றிய உரையோ, புதிய கதிர்வீச்சின் வரி நிறமாலை முதன்முதலில் பிப்ரவரி 28ஆம் நாள் காணப்பட்டது என்று தெரிவிக்கிறது. எனவே இரு நாள்களும் ஆய்வின் இரு படிகளைக் குறிப்பனவே. மூலத்தைப் படியாத மாணவர் ஒரு படியையும், உடன் உழைத்தவரின் பெயரையும் விட்டுவிட நேரும்.

இவ்வெடுத்துக்காட்டினின்று பெறப்படும் முறை வருமாறு:

1. கலைக்களஞ்சியமும் பாடநூலும் பொருளின் பரப்பை அறிவதற்கு உரியவை. அவற்றின் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியலே அடுத்த படிக்கு வழி காட்டும்.

2. மேற்கோளைப் பிறர் நூலினின்று அப்படியே எடுத்து எழுதாமல், மூலத்தைக் கண்ட பின்னரே குறித்தல் வேண்டும். ஆசிரியர், தலைப்பு, சஞ்சிகை, தொகுதி, பக்கம், ஆண்டு ஆகிய ஆறனையும் படிக்கும்பொழுதே எழுதிக்கொள்க.

3. சான்றுகள் முரண்படுமாயின், அம்முரண்பாட்டை மறையாது கட்டுரையிலேயே கூறி, காரணத்தை ஆராய்க.

மூலங்களைப் பெறும் வாய்ப்பு இன்று பெருகியுள்ளது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ களஞ்சியத்தில் எவரும் படிக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள் திறந்துவிடப்பட்டுள்ளன. தேடும் முறையில் ஐயம் எழுமாயின், கல்லூரி நூலகரை அணுகுதலே நன்று.

வினாவுக்கு உடனே விடை எழுதித் தரும் கணிப்பொறிச் செயலிகளும் இன்று பல உள. அவை சில வேளைகளில், எங்கும் வெளிவராத கட்டுரைகளுக்கும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் புனைந்து தருவதுண்டு. ஆதலின் அவை தரும் மேற்கோள் ஒவ்வொன்றையும் உரிய சஞ்சிகையில் ஒப்புநோக்கிய பின்னரே மாணவர் ஏற்றல் வேண்டும். ஒப்புநோக்க இயலாததனைக் கட்டுரையில் சேர்க்காது விடுதலே முறையாகும்.