மின்தேக்கி ஒரு சிறிய பாட்டரியா?

எங்கள் வகுப்பறை மின்விசிறி ஒரு நாள் 'உம்' என்று முனகியதே தவிரச் சுழலவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சரை மாற்றினார். விசிறி முன்போல் சுழன்றது. "உள்ளேயிருந்த சின்ன பாட்டரி தீர்ந்துவிட்டது" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அதைக் கேட்ட அறிவியல் சிஸ்டர், "அப்படியா? இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார்கள். சோதித்தோம். தோழியரே, நாங்கள் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கடையில் கண்டன்சர் என்று கேட்டு வாங்கும் பொருளையே நம் பாடநூல் மின்தேக்கி என்கிறது. 9 வோல்ட் பாட்டரி ஒன்று, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, 1000 ஓம் மின்தடையுடன் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். பாட்டரியில் இணைத்தபோது, பாடவேளை முழுவதும் விளக்கு ஒரே சீராக எரிந்தது. பின்னர் மின்தேக்கியைப் பாட்டரியுடன் சற்று நேரம் இணைத்து எடுத்து, விளக்கில் பொருத்தினோம். விளக்கு பளிச்சென்று எரிந்து, சில விநாடிகளிலேயே மங்கி அணைந்தது.

இதற்குக் காரணம் என்ன? டார்ச் விளக்கின் மின்கலத்தினுள் துத்தநாகம், மாங்கனீசு டை ஆக்சைடு முதலிய பொருள்கள் உள்ளன. அவற்றினிடையே நிகழும் வேதிவினையே மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அப்பொருள்கள் தீரும் வரை அதன் மின்னழுத்தம் சிறிது சிறிதாகவே குறையும். மின்தேக்கியிலோ வேதிவினை ஏதும் இல்லை. இரண்டு உலோகத் தகடுகளும், அவற்றின் நடுவே ஒரு மின்காப்புப் பொருளும் மட்டுமே உண்டு. ஒரு தகட்டில் நேர்மின்னூட்டமும் மற்றதில் எதிர்மின்னூட்டமும் சேர்கின்றன. அவை வெளியேற வெளியேற மின்னழுத்தமும் குறைந்துகொண்டே போகும். மின்கலம் ஊற்றுள்ள கிணறு என்றால், மின்தேக்கி நாம் நிரப்பி வைத்த குடம் எனலாம்.

ஒரு சிறு கணக்கும் போட்டோம். 9 வோல்ட்டில் நிரம்பிய எங்கள் மின்தேக்கியின் ஆற்றல் ஏறத்தாழ 0.04 ஜூல். 1.5 வோல்ட் மின்கலம் ஒன்று 1 ஆம்பியர்-மணி அளவு மின்னூட்டம் தருமானால், அது 5400 ஜூல். அதாவது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்!

அப்படியானால் மின்தேக்கி எதற்கு? அதன் சிறப்பு வேகத்தில் இருக்கிறது. கேமராவின் பிளாஷ் விளக்கில், மின்கலம் சில விநாடிகளில் மெல்ல நிரப்பியதை, மின்தேக்கி கண் இமைக்கும் நேரத்திற்குள் கொட்டிவிடுகிறது. வரலாற்றிலும் மின்தேக்கியே மூத்தது. வோல்டா தம் மின்கல அடுக்கை அறிவித்தது 1800-இல். லைடன் ஜாடி என்னும் முதல் மின்தேக்கியோ 1745-46-இலேயே தோன்றிவிட்டது. 1746-இல் பிரான்சு நாட்டுத் திருச்சபைத் தியாக்கோனாகிய நொல்லே, மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கச் செய்து, அந்த ஜாடியின் மின்சாரத்தைப் பாய்ச்ச, அவர்கள் அனைவரும் ஒருங்கே துள்ளினார்களாம்!

இனி, எங்கள் விசிறிக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறிப் பாய்கிறது. மோட்டாரிலுள்ள இரண்டு கம்பிச்சுருள்களில் ஒன்றன் மின்னோட்டத்தை மின்தேக்கி சற்று முந்தச் செய்கிறது. அதனால் காந்தப்புலம் சுழன்று விசிறியைத் தொடங்கி வைக்கிறது. ஆகவே அங்கே தீர்ந்துபோனது பாட்டரி அன்று, பழுதானது துணைக்கருவி.

இந்த வேற்றுமையை அறியாமல் இருப்பது ஆபத்தும்கூட. எங்களுள் ஒருத்தி, பாட்டரியைத்தான் எடுத்தாயிற்றே என்ற துணிவில், பழுதான பிளாஷ் கேமராவைத் திறந்து விரல் வைத்து, கடுமையான மின்னதிர்ச்சி அடைந்தாள். பல நாள் புரியாதிருந்த காரணம் இந்தப் பாடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. கிணற்றை மூடிவிட்டாலும் குடத்தில் தண்ணீர் இருக்கும் அல்லவா? சுவிட்சை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். எனவே பிளாஷ் கேமரா, பழைய தொலைக்காட்சிப் பெட்டி, இன்வெர்ட்டர் போன்றவற்றை நாமாகத் திறக்கலாகாது. தம்பி தங்கையரையும் திறக்க விடலாகாது.

பெயர் தெரிந்தால் போதும் என்றிருந்தோம். சிஸ்டரின் ஒரு கேள்வி எங்களைச் சிந்திக்க வைத்தது.