பள்ளிக்கூடச் சாமானும் வரி விடுமுறையும்

பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் நம் கடைகளுக்கு வரும் வாடிக்கைக்காரர்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். மூன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் வருகிறாள். சட்டை, காற்சட்டை, சப்பாத்து, புத்தகப் பை என்று ஒவ்வொன்றாக விலை கேட்கிறாள். கொண்டுவந்த பணம் போதுமா என்று மனத்திற்குள் கூட்டிப் பார்க்கிறாள். அவளுக்கு ஐந்து வெள்ளி மிச்சமாவதும் பெரிய காரியம். இத்தகைய குடும்பங்களின் பாரத்தைக் குறைக்கவென்று ஐக்கிய அமெரிக்க நாட்டின் பல மாநிலங்கள் ஒரு முறையைக் கையாண்டு வருகின்றன. ‘விற்பனை வரி விடுமுறை’ என்பது அதன் பெயர். வாங்குவோரும் விற்போரும் அறியவேண்டிய பாடம் அதில் இருப்பதால் அதனை இங்கே ஆராய்வோம்.

வரி விடுமுறை என்பது யாது?

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் பொதுவான விற்பனை வரி கிடையாது. மாநிலங்களும் அவற்றுக்குட்பட்ட நகரங்களும் வரி விதிக்கின்றன. 45 மாநிலங்களில் மாநில விற்பனை வரி உண்டு. கடைக்காரர் பொருளின் விலையோடு வரியைத் தனியாகக் கூட்டிப் பட்டியல் போடுவார். குறிப்பிட்ட சில நாட்களுக்கு, குறிப்பிட்ட சில பொருள்களுக்கு மட்டும் அந்த வரியை நிறுத்தி வைப்பதே வரி விடுமுறை.

துணிமணிகளுக்கு இதனை முதலில் நடத்திப் பார்த்தது நியூயார்க் மாநிலம். அண்டையிலுள்ள நியூஜெர்ஸியில் துணிக்கு வரி இல்லையாதலால் நியூயார்க்வாசிகள் எல்லை தாண்டிச் சென்று வாங்கிவந்தார்கள். உள்ளூர் வியாபாரம் குன்றியது. ஆகவே 1997 ஜனவரியில் ஒரு வார காலம், 500 டாலருக்குக் குறைந்த துணிகளுக்கு மாநில வரி நீக்கப்பட்டது. 1998இல் புளோரிடாவும் 1999இல் டெக்ஸாஸும் இவ்வழியைப் பின்பற்றின. வரி விடுமுறை பிறந்ததற்கு வியாபாரிகளின் கஷ்டமே காரணம் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டெக்ஸாஸில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறு வரை இந்த விடுமுறை நடக்கிறது. ஒவ்வொன்றும் 100 டாலருக்குக் குறைந்த துணி, சப்பாத்து, புத்தகப் பை, பள்ளிச் சாமான்கள் ஆகியவற்றுக்கு வரியில்லை. மாநில வரி 6.25 சதவீதம், ஊர் வரி 2 சதவீதம் வரை சேரும், ஆக, மிகுதியாகப் போனால் 8.25 சதவீதம். ஒரு தாய் 240 டாலருக்குச் சாமான் வாங்கினால் 19 டாலர் 80 காசு மிச்சம். இது நல்லதே.

ஆனால் எல்லைக்கோட்டை மறந்துவிடலாகாது. 99 டாலர் சப்பாத்துக்கு வரியில்லை. 100 டாலர் சப்பாத்துக்கு முழு விலைக்கும் வரி உண்டு. 97 டாலர் பொருளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, அனுப்பு கூலி 6 டாலர் சேர்ந்தால் 103 டாலராகிவிடும். அப்போது 8 டாலர் 50 காசு வரி கட்ட வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. ‘வரியில்லை’ என்ற பலகையைக் கண்ட மயக்கத்தில் தேவையில்லாத 25 டாலர் பொருளொன்றையும் அந்தத் தாய் எடுத்துவிட்டால், மிச்சம் பிடித்த 19 டாலர் 80 காசும் போய், மேலும் 5 டாலர் 20 காசு கைவிட்டுப் போகிறது. மேலும், அதே 240 டாலர் சாமானை ஒரு கடை சாதாரண வாரத்தில் 20 சதவீதம் தள்ளிக் கொடுத்தால் 192 டாலர். வரி 15 டாலர் 84 காசு சேர்த்தும் 207 டாலர் 84 காசுதான். வரி விடுமுறையைவிடக் கடைக்காரரின் தள்ளுபடியே அவளுக்கு அதிக லாபம் தருகிறது. ஆதலால் புத்திசாலிகள் பழைய பையும் சப்பாத்தும் இன்னும் உழைக்குமா என்று முதலில் வீட்டில் பார்க்கிறார்கள். வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்கள். விலையை முன்கூட்டியே விசாரித்து வைக்கிறார்கள். அதன் பிறகே கடையேறுகிறார்கள்.

வியாபாரியின் சோதனை

இனி நம் பக்கம் வருவோம். 30 டாலர் சட்டையை, வரி விடுமுறை வந்ததென்று 32 டாலராக ஒரு வியாபாரி உயர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் வரியோடு அது 32 டாலர் 48 காசு. விடுமுறை நாளில் வாங்குபவளுக்கு மிஞ்சுவது 48 காசே. ஏழைக் குடும்பத்துக்கென்று சர்க்கார் விட்டுக்கொடுத்ததில் 2 டாலர் வியாபாரியின் பெட்டிக்குப் போய்விடுகிறது. சட்டம் பிடிக்கிறதோ இல்லையோ, இது நாணயமான வியாபாரம் ஆகாது.

இது அமெரிக்கக் கதைதானே என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மலேசியாவில் 2015 ஏப்ரல் 1இல் தொடங்கிய 6 சதவீத ஜி.எஸ்.டி. வரி, 2018 ஜூன் 1 முதல் பூஜ்யமாக்கப்பட்டது. செப்டம்பர் 1இல் விற்பனை, சேவை வரி மீண்டும் வந்தது. இடைப்பட்ட மூன்று மாதங்களையும் மக்கள் வரி விடுமுறை என்றே அழைத்தார்கள். அவ்வாண்டு நோன்புப் பெருநாள் ஜூன் 15இல் வந்தது. துணி வாங்கும் மும்முரமான வேளையில் வரி நீங்கியது. வாடிக்கைக்காரர்கள், ‘ஆறு காசு குறைந்ததா?’ என்று நம்மைக் கேட்டார்கள். குறைத்துக் காட்டிய கடை எது, வாய்மூடி இருந்த கடை எது என்பதை அவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டமும் இருக்கவே செய்கிறது.

அம்மூன்று மாதங்களில் மோட்டார் வண்டிகள் ஏராளமாக விற்றன. செப்டம்பரில் விற்பனை வெகுவாகச் சரிந்தது. வரி விடுமுறை புதிய வியாபாரத்தை உண்டாக்குவதைவிட, நாளை வாங்குவதை இன்றைக்கு இழுத்து வருவதே அதிகம் என்பதை இது காட்டுகிறது. கூட்டத்தைக் கண்டு அளவுக்கு மீறிக் கொள்முதல் செய்தால், பிறகு சரக்கு பெட்டியிலேயே தூங்கும்.

நாம் செய்யவேண்டியவை

இன்று மலேசியாவில் விற்பனை வரி, உற்பத்தியாளரிடமும் இறக்குமதியிலுமே வசூலாகிறது. அது சரக்கின் விலைக்குள் அடங்கியிருக்கிறது. சிங்கப்பூரில் 2024 ஜனவரி முதல் ஜி.எஸ்.டி. 9 சதவீதம். இரண்டிடத்தும் ஆண்டுதோறும் வரும் பள்ளி வரி விடுமுறை கிடையாது. ஆனால் சர்க்கார் தராத விடுமுறையை ஒரு கடை தரலாமன்றோ? பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்னரே விலைப் பட்டியலை வாசலில் எழுதி வைப்போம். பழைய விலையை உயர்த்தி எழுதி, பிறகு அடித்துக் காட்டும் தந்திரம் வேண்டாம். ஒரு பிள்ளைக்குத் தேவையான முழுச் சாமானுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லி, லாபத்தில் சிறிது விட்டுக்கொடுப்போம். தேவையில்லாததை அவள் தலையில் கட்டாதிருப்போம்.

சீட்டிலுள்ளதை எல்லாம் வாங்கிய பின்பும் அந்தத் தாயின் கையில் ஐந்து வெள்ளி மிஞ்சியிருக்குமானால், அடுத்த ஆண்டும் அவள் நம் கடைப்படிதான் ஏறுவாள். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளையும் அங்கேயே அழைத்து வருவார்கள். ஐந்தொகையில் எழுத முடியாத இந்த வரவே கடைக்கு நிலையான முதல்.