மூன்றெழுத்தைப் பிடித்துத் தேடும் பிளாஸ்ட்

கேள்வி: மரபணு ஆய்வாளர்கள் 'பிளாஸ்ட் போட்டுப் பார்த்தோம்' என்கிறார்களே, அது எப்படி வந்தது?

பதில்: புதிதாகக் கண்டறிந்த டி.என்.ஏ. அல்லது புரத வரிசைக்கு உறவானவை தரவுத்தளத்தில் உண்டா என்று தேடித்தரும் கணினி நிரல்தான் பிளாஸ்ட்.

தேடலுக்கு முன்பே சேகரிப்பு தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் 1965இல் 65 புரதங்களின் வரிசைகளைப் புத்தகமாகவே அச்சிட்டார். ஒப்பிடும் முறையை 1970இல் நீடில்மனும் வுன்ஷும் தந்தார்கள். ஒரு வரிசையை மேலேயும் மற்றதைப் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரை கிடைக்கக்கூடிய உச்ச மதிப்பெண்ணை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் பூஜ்யம் என்றே வைத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று 1981இல் ஸ்மித்தும் வாட்டர்மனும் சின்னத் திருத்தம் செய்தார்கள். நன்றாகப் பொருந்தும் துண்டு மட்டும் தனியே கிடைத்தது.

விடை பிசகாது; நேரம்தான் கட்டுப்படியாகாது. 300 எழுத்துப் புரதத்தை 10 லட்சம் எழுத்துத் தொகுப்போடு ஒப்பிட 30 கோடி கட்டங்கள்!

தேடலின் அருமையை உணர்த்தியது 1983. குரங்குக்குப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்றின் மரபணு, ரத்தத் தட்டணுக்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணியை ஒத்திருப்பதை ரஸ்ஸல் டூலிட்டில் குழு கண்டது. ஆய்வகச் சோதனையில் அல்ல, வரிசைகளை ஒப்பிட்டே.

1985இல் லிப்மனும் பியர்சனும் ஃபாஸ்ட்பி என்ற குறுக்குவழியை வெளியிட்டார்கள். 1990இல் ஆல்ட்சுல், கிஷ், மில்லர், மையர்ஸ், லிப்மன் ஐவரும் பிளாஸ்டை வெளியிட்டார்கள். அது எல்லாக் கட்டத்தையும் நிரப்புவதில்லை. வரிசையைக் குட்டிச் சொற்களாக நறுக்கும். புரதத்துக்கு 3 எழுத்து என்பது நெடுநாள் வழக்கம். 'லூசின்-அலனைன்-கிளைசின்' என்ற சொல்லோடு, லூசினுக்குப் பதில் அதே குணமுள்ள ஐசோலூசின் வந்த சொல்லையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். தொகுப்பில் இவை தட்டுப்படும் இடத்தில் மட்டும் இருபுறமும் நீட்டிப் பார்க்கும். மதிப்பெண் சரியத் தொடங்கினால் விட்டுவிடும். தூரத்து உறவு சில நழுவிப்போகலாம். அந்த இழப்புக்கு ஒப்புக்கொண்டதுதான் வேகத்தின் ரகசியம்.

கிடைத்த பொருத்தம் தற்செயலா என்பதற்கு கார்லின்–ஆல்ட்சுல் கணிதம் 'ஈ-மதிப்பு' என்ற அளவைத் தந்தது. இத்தனை பெரிய தொகுப்பில் இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை வரும் என்பதே அது. தொகுப்பு இரு மடங்கானால், அதே பொருத்தத்தின் ஈ-மதிப்பும் இரு மடங்காகும்.