பெரிய சக்கரமும் சிறிய கணக்கும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

என் பாட்டனார் மாட்டுவண்டி ஓட்டியவர். என் தந்தையார் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்அப் வண்டி ஓட்டுகிறார். நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன். மூன்று தலைமுறைக்கும் சோறு போட்டது சக்கரமே. ஆகவே சக்கரத்தைப் பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு என நம்புகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வண்டியின் டயர்கள் தேய்ந்து, மாற்ற வேண்டிய நிலை வந்தது. "பெரிய டயராப் போட்டுடலாம்பா. வண்டி உசரும், பள்ளம் மேடு தெரியாது, இன்னும் நாலு மூட்டை ஏத்தலாம்" என்றார் அண்ணன். அப்பா என் பக்கம் திரும்பி, "நீதான் காலேஜுல படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். தேர்வில் வரும் கணக்கு தவறினால் மதிப்பெண் போகும். இது தவறினால் வீட்டுப் பணம் போகும். எனவே பொறுப்புடன் உட்கார்ந்தேன்.

டயரின் எண் கூறுவது என்ன?

எங்கள் டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று பொறிக்கப்பட்டுள்ளது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

பக்கச்சுவர் 215 × 0.75 = 161.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள் 322.5 மி.மீ. ரிம் 15 × 25.4 = 381 மி.மீ. ஆக மொத்த விட்டம் 703.5 மி.மீ. அண்ணன் கேட்ட 235/75 ஆர் 15 டயருக்கு இதே முறையில் 733.5 மி.மீ. வருகிறது. வேறுபாடு 30 மி.மீ.; அதாவது நூற்றுக்கு 4.3 பங்கு.

விளைவுகள் யாவை?

முதலாவது, உயரம். விட்டம் 30 மி.மீ. கூடினாலும் அச்சு உயர்வது ஆரத்தின் அளவே, அதாவது 15 மி.மீ. மட்டுமே. ஒரு விரற்கடை கூட இல்லை!

இரண்டாவது, வேகமானி. அது சாலையை அளப்பதில்லை; சுழற்சியையே எண்ணுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தொலைவு செல்வதால், முள் 60 காட்டும்போது முன்னைவிட வேகம் கூடி, 62.6 கிலோமீட்டராகிவிடும். வண்டி 1000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 959 தான் ஏறும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குபவருக்கு 41 கிலோமீட்டர் நட்டம். டீசல் குடிப்பதும் கூடியதுபோல் தோன்றும்.

மூன்றாவது, இழுவை. சக்கரம் சாலையைத் தள்ளும் விசை, திருப்புவிசையை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. எஞ்சின் அதுவே, கியரும் அதுவே. ஆரம் மட்டும் கூடினால் விசை நூற்றுக்கு 4 பங்கு குறையும். சமதளத்தில் இது தெரியாது. பழனியிலிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் பாரத்தோடு ஏறும்போது கியரைக் குறைக்க வேண்டி வரும். பிரேக்குக்கும் இதே விதிதான். மிதிக்கும் அழுத்தம் அதுவே என்றால், கிடைக்கும் தடுப்பு விசை குறையும்.

நான்காவது, பாரம். டயர் பெரிதானால் ஸ்பிரிங் பட்டையும் ஆக்சிலும் பிரேக்கும் பெரிதாகிவிடுவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி, சரக்கு வண்டியின் பதிவுச் சான்றில் டயரின் அளவும் மொத்த எடையும் குறிக்கப்படுகின்றன. பதிவுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. நாலு மூட்டைக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் பெரிய சக்கரத்தால் நன்மையே இல்லையா? உண்டு. ஆரம் கூடக் கூடச் சக்கரம் பள்ளத்தில் குறைவாக இறங்கும்; கல்லின் மேல் எளிதாக ஏறும். பாட்டனாரின் வண்டிச் சக்கரம் அவர் மார்பு உயரம் இருந்ததன் காரணம் இதுவே. ஆனால் 15 மி.மீ. கூடுவதால் அந்த நன்மை மிகச் சிறிதே.

ரிம்மை மட்டும் 16 அங்குலமாக்க விரும்புவோர் 215/70 ஆர் 16 போட்டால் விட்டம் 707.4 மி.மீ. தான், மீட்டர் அதிகம் பிசகாது. ஆனால் பக்கச்சுவர் குட்டையாவதால் குழியின் அடி ரிம்முக்கு நேரே போய்ச் சேரும்.

அப்பா கேட்ட கேள்வி

இவ்வளவையும் சொல்லி முடித்துப் பெருமிதத்தோடு நின்றேன். அப்பா ஒன்றே கேட்டார்: "லோடு ஏத்தினா டயர் அமுங்குமே, அது உன் கணக்குல வந்துச்சா?" எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் பாரம் ஏற்றிய வண்டியின் டயரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, ஐந்து சுற்று மெல்ல உருட்டி, தரையில் அளந்தோம். 10.7 மீட்டர், ஒரு சுற்றுக்கு 2.14 மீட்டர். என் தாளில் இருந்த சுற்றளவோ 2.21 மீட்டர். அமுக்கமும் தேய்மானமும் சேர்ந்து 7 சென்டிமீட்டரை விழுங்கியிருந்தன. புது டயர்கள் இரண்டும் பாரத்தில் அமுங்குமாதலால் ஒப்பீடு ஏறத்தாழ மாறாது. ஆயினும் வாய்பாட்டுச் சக்கரம் வேறு, சாலையில் ஓடும் சக்கரம் வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

முடிவில் பழைய அளவிலேயே நான்கு டயர்கள் வாங்கினோம். அண்ணனுக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் கணக்குத் தாளை மடித்து வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டவரும் அவரே.

நண்பர்களே! நாம் கற்கும் விதிகள் விடைத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. அவற்றை வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிடம் கொண்டுசெல்வோம். கொண்டுசெல்லும்போது, நமக்கு முன்பே அந்த வண்டியை அறிந்தவர்களின் கேள்விக்கும் காது கொடுப்போம்.