கூடி இருந்து காக்கும் மரக்கறி நோன்பு

திருநாள் பதினொரு நாளும் மரக்கறி மட்டும் உண்டு சுத்தமாக இருக்கும் அன்புக்கொடி மக்கள் பலர். கொடி இறங்கியதும் பழைய பழக்கம் திரும்பி விடுகிறது. மன உறுதி குறைவு என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. வீட்டில் ஒருவர் மட்டும் மாறினால் அவருக்கென்று தனியாகச் சமைக்க வேண்டும். விருந்துக்குப் போனால் கேலி பேசுவார்கள். தனியாக நிற்பவர் சில மாதங்களில் தளர்ந்து விடுகிறார்.

துவையல் தவசு தனி ஆள் இருந்த தவசு அல்ல. 700 குடும்பத்தார் வாகைப்பதிக் கடலோரத்தில் ஒன்றாகக் கூடி இருந்தார்கள். நாளுக்கு மூன்று முறை துணி துவைத்துக் கடலில் குளித்தார்கள். அரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்ததை ஒரு வேளை மட்டும் உண்டார்கள். பக்கத்தில் இருப்பவர் இலையிலும் அதே உணவுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் உறுதி பெற்றார்கள்.

வேறு ஊர்களிலும் இப்படிக் கூடியவர்கள் உண்டு. 1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தியடிகள், இறைச்சி தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அரை வயிற்றோடு தெருத் தெருவாக அலைந்து, ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார். அங்கே விற்ற ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கிப் படித்த பிறகுதான், வாக்குக்காகக் காத்தது சொந்த விருப்பமாக மாறியது. பின்பு அந்நகர மரக்கறியாளர் சங்கத்தில் சேர்ந்தார். கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சம். எழுதிக் கொண்டு போனதை இன்னொருவர் வாசித்தார். ஆகவே பேசத் தெரியாதவரும் தயங்க வேண்டாம்.

குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியிலும் சிறு கழகம் ஒன்று தொடங்கிச் செயலாளராக இருந்தார். அவர் வீடு மாறியதும், தொடங்கிய சில மாதங்களிலேயே அது நின்று போயிற்று. ஒருவர் தோளிலேயே நிற்கும் கூட்டம் நீடிக்காது. வேலையைப் பலர் பகிர வேண்டும்.

அச்சங்கத்தில் அல்லின்சன் என்ற மருத்துவரை, குழந்தைப் பேற்றைக் கட்டுப்படுத்துவது பற்றிய அவர் கருத்துக்காக நீக்க முயன்றார்கள். அந்தக் கருத்து காந்தியடிகளுக்கும் உடன்பாடு இல்லை. ஆனாலும் மரக்கறி உண்பவரை வேறு காரணத்துக்காக வெளியே தள்ளக் கூடாது என்று அவர் பக்கம் நின்றார்.

நம் ஊரில் சேருவது எளிது. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்கு நிழல் தாங்கலுக்கு வர வேண்டும். பணிவிடை முடிந்து தர்மம் வாங்கிக் கொண்டு போவதோடு நில்லாமல், முன்னதாக வந்து காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் கை கொடுக்க வேண்டும். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்து வர வேண்டும். அடுப்படியில் இருப்பவர் மனம் சேராமல் எந்த வீடும் மாறாது. மீன் புளிமுளத்தில் வளர்ந்த நாவுக்கு மாற்றுச் சுவையும் தேவை. முருங்கைக்காயும் பலாக்கொட்டையும் போட்டு வைக்கும் தீயல், சிறுபயறுக் குழம்பு, கீரை இவற்றின் பக்குவத்தை அங்கே ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கொள்ளலாம். வாரம் ஒரு நாள் என்று தொடங்கி நாள் கூட்டலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மரக்கறி உண்கிறோம் என்பதற்காக மீன் உண்ணும் அயலாரைத் தாழ்வாக நினைத்தால், அது பழைய தீட்டு வேறு வழியில் உள்ளே வருவதாகும். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தவர் அய்யா. மீன்பிடிப்பது சிலருக்குப் பிழைப்பு. அவரும் பந்தியில் வந்து அமரட்டும். முதல் இலையை அவருக்குப் போடுவோம். உண்டு பார்த்து, நம் நடத்தையையும் பார்த்து, விரும்பினால் அவரே சேருவார்.

அய்யா உண்டு.