டர்போ மோட்டாரும் எரிபொருட் கணக்கும்

இராஜபாளையத்தின் வழியே செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவுக் கணவாய் ஏறும் பார லாரிகளை நம்மவர் நாள்தோறும் காண்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை டர்போ என்னும் கருவி பொருத்திய டீசல் எஞ்சின் உடையன. தளவாய்புரத்துத் தையற்கூடங்களிற் தைத்த ஆடைப் பொதிகள் முதலாக எத்தனையோ சரக்குகள் அக்கருவியின் உதவியாலேயே மலையேறுகின்றன. இதனைக் கண்ட இளைஞர் சிலர், பெட்ரோல் காரிலும் ஒரு டர்போவைப் பொருத்திவிட்டால் வேகம் தானே வந்துவிடும் என்று கருதுவதுண்டு. அக்கருத்து எவ்வளவு பொருந்தும், அங்ஙனம் பொருத்த முற்படுவோர் எதனை முதலில் திட்டமிடல் வேண்டும் என்பனவற்றை இவ்வியாசத்தில் ஆராய்வோம்.

எஞ்சினின் வலிமை அது உட்கொள்ளும் காற்றின் நிறையைப் பொறுத்தது. காற்று மிகுந்தால் அதனோடு சேர்ந்து மிகுதியான எரிபொருள் எரியும். எரிபொருள் மிகுதியாய் எரிந்தால் வலிமை மிகும். சைலன்ஸர் வழியே வீணாய்ப் போகும் புகையின் விசையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தின் மறுமுனையிலுள்ள விசிறியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போவின் தொழில். சுவிட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்பிரட் பூஷி என்பார் 1905-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1918-இல் அமெரிக்காவில் ஸான்போர்டு மாஸ் என்பார் ஓர் ஆகாய விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டு சென்று சோதித்தார். சமவெளியில் 350 குதிரைத்திறன் காட்டிய அவ்வெஞ்சின், காற்று மெலிந்த அவ்வுயரத்தில் டர்போ இன்றி 230 குதிரைத்திறனே காட்டியது. டர்போ பொருத்திய பின்னர் 356 காட்டியது. நம் நாட்டில் டர்போக் கருவிகளையே செய்யும் டர்போ எனர்ஜி என்னும் தொழிற்சாலை 1982-இல் சென்னையை அடுத்து ஏற்பட்டது.

நிற்க. டீசல் எஞ்சினுக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கும் உள்ள ஒரு வேற்றுமையை இங்கு நன்கு உணர்தல் வேண்டும். டீசல் எஞ்சின் எப்பொழுதும் தனக்கு வேண்டியதினும் மிகுதியான காற்றையே உட்கொள்கிறது. அதன் வலிமையை அடக்கியாள்வது எரிபொருளின் அளவு. ஆகவே அதனுட் காற்று மேலும் மிகுந்தாற் கேடில்லை. எரிபொருள் மிகுந்தாற்றான் கரும்புகையும் வெப்பமும் உண்டாம். பெட்ரோல் எஞ்சினிலோ நிலைமை நேர்மாறானது. 1 கிலோகிராம் பெட்ரோலை முற்றும் எரிக்க ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். டர்போவின் அழுத்தம் மிகுந்த வேளையில் கலவையைச் சற்றே கெட்டியாக்கி, 1 கிலோகிராமுக்கு 12 கிலோகிராம் காற்று என்ற அளவில் வைப்பர். மிகையான பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தைத் தணிக்கும். அவ்வேளையில் எரிபொருள் குறைந்து காற்று மிகுமாயின், ஸ்பார்க் பிளக்கின் தீ பரவுமுன்னரே கலவையின் ஒரு பகுதி தானே வெடிக்கும். மெக்கானிக்குகள் இதனை ‘நாக்கிங்’ என்பர். ஒரு சில விநாடிகளிலேயே இது பிஸ்டனை உடைக்கவும் உருக்கவும் வல்லது. லாரிப் பட்டறையிற் பெற்ற அனுபவத்தை அப்படியே பெட்ரோல் காருக்குக் கொண்டுவருதல் பிழை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மையை மோட்டார் உலகம் விலை கொடுத்தே கற்றது. 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் என்னும் கார், டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதற் கார்களுள் ஒன்று. அதன் எஞ்சினில் அமுக்க விகிதம் 10.25 என உயர்வாய் இருந்தமையால் நாக்கிங்கைத் தடுக்க நீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனிக்கலத்தில் வைத்து எஞ்சினுக்குட் செலுத்தினர். கலம் வறண்டால் டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பும் இருந்தது. ஆயினும் கார் வைத்திருந்தோர் பலர் அத்திரவத்தை நிரப்ப மறந்தனர். வாங்கிய வேகம் எங்கே என்று குறை கூறினர். 1965-இல் கம்பெனியாரே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுக்க முன்வந்தனர். டர்போவில் குற்றம் இல்லை; எஞ்சினைக் காக்கும் பொறுப்பைக் கார் ஓட்டுபவரின் நினைவின்மேற் சுமத்தியதே குற்றம். இக்காலத்தில் அப்பொறுப்பை ஏற்பது ஈ.ஸி.யூ. என வழங்கும் கணினிப் பெட்டி.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இந்தியப் பந்தயக்களங்களில் நெடுநாள் ஓடிப் பழகிய மாருதி எஸ்டீம் காரின் 1298 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் இன்ஜெக்‌ஷன் வகை ஏறத்தாழ 85 குதிரைத்திறன் உடையது. இதனை 120 ஆக உயர்த்துதல் நம் நோக்கம் எனக் கொள்வோம்.

முதலிற் காற்று. சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். டர்போ அதன்மேல் 0.6 பார் கூட்டுவதாகக் கொள்வோம். நம் ஊர்க் கோடையில் 35 பாகை வெப்பமுள்ள காற்று, 65 சதவீதத் திறமையுள்ள விசிறியால் இங்ஙனம் அமுக்கப்பெற்றால் 100 பாகைக்கு மேற் சூடேறும். சூடேறிய காற்று விரிந்து மெலியுமாதலால் 1.6 மடங்கு அழுத்தம் இருந்தும் காற்றின் நிறை 1.3 மடங்கே கூடும். நாக்கிங்கும் எளிதில் வரும். இண்டர்கூலர் என்னும் குளிர்விப்பானால் அதனை 55 பாகைக்கு இறக்கினால் நிறை 1.5 மடங்காகும். ஆகவே நம் போன்ற வெப்ப நாட்டில் இண்டர்கூலர் ஆடம்பரம் அன்று, கட்டாயம்.

அடுத்து எரிபொருள். டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் கொள்ளும் எனக் கணக்கிடுதல் பாதுகாப்பானது. 120 குதிரைத்திறனுக்கு மணிக்கு 32.4 கிலோகிராம் ஆகிறது. இத்துடன் கணக்கு முடியவில்லை. 2023 முதல் நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனாலை எரிக்க 9 மடங்கு காற்றே போதும். கலந்த எரிபொருளுக்கு ஏறத்தாழ 13.5 மடங்கு. அஃதாவது, அதே காற்றுக்கு எரிபொருள் 9 சதவீதம் கூடுதலாய் வேண்டும். கணக்கு இப்பொழுது மணிக்கு 35 கிலோகிராமுக்குச் சற்று மேலாகிறது. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 780 கன சென்டிமீட்டர். நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 195.

இன்ஜெக்டரை இடைவிடாது திறந்து வைத்தல் ஆகாது. நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுழலும் எஞ்சினில், ஒரு சிலிண்டரின் தொழில் ஒரு முறை முடிய 20 மில்லி விநாடியே உண்டு. அதில் 16 மில்லி விநாடி, அஃதாவது 80 சதவீதம், திறந்திருத்தல் எல்லை. எனவே 195-ஐ 0.8 ஆல் வகுக்க 244 வருகிறது. சிறிது இடம் விட்டு 280 கன சென்டிமீட்டர் அளவுள்ள இன்ஜெக்டரைத் தேர்தல் தகும். மிகப் பெரியதைத் தேர்ந்தால் எஞ்சின் வெறுமனே ஓடும்போது சிறிய அளவைச் சீராய்க் கொடுக்க மாட்டாது தடுமாறும்.

பெட்ரோல் பம்ப் மணிக்கு 47 லிட்டர் கொடுத்தல் வேண்டும். ஒன்றரை மடங்காக 70 லிட்டர் கொடுக்கும் பம்பைக் கொள்வது நன்று. ஆனால் பம்பின்மேல் எழுதிய அளவை நம்பிவிடலாகாது. அழுத்தம் கூடவும், பேட்டரி மின்னழுத்தம் குறையவும், அது தள்ளும் அளவு குறையும். ஆதலின் உரிய அழுத்தத்தில் ஓடவிட்டு, அளவுப் பாத்திரத்தில் பிடித்து அளந்து பார்த்தலே முறை. அழுத்தத்தைக் காக்கும் ரெகுலேட்டரின் குழாயை எஞ்சினின் உட்காற்றுக் குழாயோடு இணைத்தல் இன்றியமையாதது. இணைக்காவிடில், 3 பார் அழுத்தத்தில் நிற்கும் எரிபொருளை 0.6 பார் காற்று எதிர்த்துத் தள்ளும், எஞ்சிய 2.4 பாரில் இன்ஜெக்டர் கொடுக்கும் அளவு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோம். எரிபொருள் மிகவும் வேண்டப்படும் அந்நேரத்திலேயே இக்குறை நேர்வது கவனிக்கத் தக்கது. எத்தனாலுக்கு ஏற்காத பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் இப்பொழுதே மாற்றிவிடல் வேண்டும்.

இவற்றின் பின்னரே ஈ.ஸி.யூ.வின் முறை வருகிறது. டர்போ இல்லாத காரின் அழுத்த உணர்வி 1 பாருக்கு மேல் அறியாது. அதனையே நம்பும் கணினிப் பெட்டி, டர்போவின் காற்று பெருகும்போது கண் கட்டப்பெற்றவன் போல் ஆகிவிடும். ஆகவே 2.5 பார் வரை அளக்கும் உணர்வியும், அதனைப் புரிந்துகொண்டு நாம் எழுதும் அட்டவணைப்படி நடக்கும் பெட்டியும் வேண்டும். காற்றின் வெப்பம், தண்ணீரின் வெப்பம், திராட்டிலின் நிலை, கிராங்கின் சுழற்சி ஆகியவற்றையும் அது அறிதல் வேண்டும். கம்பெனி ஆக்ஸிஜன் உணர்வி, சரியான கலவைக்கு மேலா கீழா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ‘வைட்பேண்ட்’ என்னும் அகன்ற அளவுணர்வி தேவை.

தீப்பொறி விழும் நேரமும் அங்ஙனமே. அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு கூடினால் நேரத்தை ஏறத்தாழ 1 பாகை பின்தள்ளுவது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. 0.6 பார் என்பது ஏறக்குறைய 9 பவுண்டாதலின் 9 பாகை பின்தள்ளித் தொடங்கலாம். இது தொடக்கமேயன்றி முடிவன்று. டைனமோமீட்டரின்மேல் எஞ்சினை ஏற்றி, முதலில் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டி, கலவையையும் நாக்கிங்கையும் கவனித்துச் சிறிது சிறிதாய் உயர்த்துதல் வேண்டும். அழுத்தம் வரம்பு மீறினும், பெட்ரோல் அழுத்தம் இறங்கினும், கணினிப் பெட்டி தானே எஞ்சினை அடக்கும்படி எழுதி வைத்தல் வேண்டும். ஜெட்பயர் காரில் திரவக் கலம் செய்யவந்த வேலையை, மறதியின்றிச் செய்வது இதுவே.

சட்டம் பற்றியும் ஒரு சொல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடுக்கிறது. எனவே இத்தகைய எஞ்சினுக்கு உரிய இடம் பொதுச்சாலை அன்று, பந்தயக்களமேயாம். நம் மாகாணத்துக்கு அதிற் குறையில்லை. சென்னையில் 1953-இல் தொடங்கிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடத்தினர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தமக்கெனக் களம் அமைத்தனர். கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி எஞ்சின்களைக் கொண்டு பந்தயக் கார்களை நம் நாட்டிலேயே செய்துகாட்டி 1995-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய களம் செட்டிபாளையத்தில் உள்ளது.

மேற்கூறியவற்றால், டர்போவை வாங்குமுன் எரிபொருட் கணக்கைக் காகிதத்தில் முடித்துக்கொள்ளுதல் வேண்டும் என்பது விளங்கும். பழைய டர்போ ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குப் பட்டறையிற் கிடைக்கக்கூடும். பம்பும் இன்ஜெக்டரும் உணர்விகளும் கணினிப் பெட்டியும் அதனினும் பன்மடங்கு செலவு வைக்கும். கையிலுள்ள பொருள் இவற்றுக்குப் போதாதெனில் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதோ, முயற்சியை ஓராண்டு தள்ளிவைப்பதோ அறிவுடைமை. பெருக்கல், வகுத்தல், வாயுக்களின் விதி ஆகியவற்றையன்றி இக்கணக்கில் வேறொன்றும் இல்லை. மேனிலை வகுப்பு மாணவர்க்கும் அது எட்டும். இயந்திரத்தில் ஆசையுள்ள நம் மாணவர் தம் நோட்டுப் புத்தகத்திலேயே முதல் எஞ்சினைக் கட்டிப் பார்ப்பாராக.